பச்சைக் கோடு நின்ற இடம்

அத்தியாயம் 9

"அவர் கையெழுத்து போட்டுடறேங்கறார்" என்றாள் சுன்யங். லிஃப்ட் கதவு மூடும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மூடிய பிறகு சொன்னாள்.

"எதுல?" என்றான் மான்ஹோ. காலி அட்டைப்பெட்டிகளை நெஞ்சோடு அணைத்திருந்ததால் அவன் முகம் பாதிதான் தெரிந்தது.

"ஆபீஸ் வக்கீல் எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத்துல. அந்த ரெண்டு தூணையும் நானே முடிவு பண்ணி எடுத்தேன், மேல இருக்கறவங்க யாருக்கும் தெரியாதுன்னு. சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போவாங்களாம்."

ஹேரான் மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "எடுத்தது அவர்தானா?"

"அவருக்கே தெரியல மேடம். அந்த வாரம் பூரா ஆபீஸ்லயேதான் படுத்து எந்திரிச்சார். எதுவுமே ஞாபகம் இல்லைங்கறார். ஃபைல்ல என் பேர்தானே இருக்கு, அப்ப நான்தானே செஞ்சிருப்பேன்னு என்னையே திருப்பிக் கேக்கறார்."

மான்ஹோவுக்கு எதையும் கிண்டல் செய்யாமல் விட்டால் தூக்கம் வராது. ஆனால் இதற்கு அவனிடம் சரக்கு இல்லை. தான் குற்றவாளியா இல்லையா என்று தனக்கே தெரியாத ஒருவனை அவன் அதுவரை சந்தித்ததில்லை.

விஷயம் இதுதான். இன்சொன் நகரின் தென்கோடியில் ஒரு நீச்சல்குளக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. போன மாதம் அதன் பின்வாசல் கூரைக்குக் கான்கிரீட் ஊற்றும்போது மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. அடியில் நின்ற இரண்டு தச்சர்கள் செத்துப்போனார்கள். கூரையைத் தாங்க வேண்டிய இரண்டு தூண்கள் அங்கே கட்டப்படவே இல்லை. ஏனென்றால் கடைசியாக வந்த வரைபடத்தில் அவை இல்லை. கட்டுமான இடத்தில் கடைசியாக வந்த படம்தான் வேதம். வாசலை அகலமாக்கத்தான் எடுத்திருக்கிறார்கள் போல என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். அந்தப் படத்தைக் கடைசியாகச் சேமித்தவர் பெயர் சாங்ஜூ. சுன்யங்கின் கணவன். போலீசுக்கு அது போதுமாக இருந்தது.

இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் ஹேரான். மான்ஹோ அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். பைக்கை விட வாய்தான் வேகம்.

கட்டடக்கலை அலுவலகத்துக்குள் மூவரும் நுழைந்ததும் எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் திரைப்பக்கம் குனிந்துகொண்டன. நேற்றுவரை அண்ணி, அண்ணி என்று சுன்யங்கின் கையால் கிம்ச்சி வாங்கித் தின்றவர்கள்தான். சாங்ஜூவின் மேஜைக்கடியில் அவனுடைய செருப்பு அப்படியே கிடந்தது. மேலே ஒரு கோப்பையில் பல்துலக்கும் பிரஷ். சுன்யங் அதை முதலில் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நான் இவங்க சித்தப்பா பையன். பெட்டி தூக்க வந்தேன்" என்று யாரும் கேட்காமலே அறிவித்துவிட்டு மான்ஹோ நாற்காலியில் உட்கார்ந்தான். போலீஸ் நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. கடவுச்சொல்லைச் சுன்யங் அவன் காதில் சொன்னாள்.

திரை விரிந்ததும் மான்ஹோ புருவத்தைத் தூக்கினான். கட்டட வரைகலை மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவும் ஃபைல், ஒன்றல்ல, அரை டஜன் தடவை இறக்கிவைக்கப்பட்டிருந்தது.

"ஒரே பொண்ணுக்கு ஆறு தடவை லெட்டர் குடுத்த மாதிரி இருக்கே."

"அந்தப் புதுப் பதிப்புதான் அவர் உயிரை வாங்கிச்சு" என்றாள் சுன்யங். "எல்லாரும் அதுக்கு மாறணும்னு ஆபீஸ்ல உத்தரவு. இவர் கம்ப்யூட்டர்ல மட்டும் ஏறவே மாட்டேன்னுச்சு. பழசை எடுத்துட்டுப் போட்டுப் பாத்தார், வைரஸ் தடுப்பை அணைச்சுட்டுப் போட்டுப் பாத்தார். சாப்பிடும்போதுகூட அதே புலம்பல்தான்."

மான்ஹோ ஒன்றைத் தட்டினான். பச்சைக் கோடு கிடுகிடுவென ஓடியது. முக்கால், அதற்கும் மேல், இதோ முடிந்தது என்று தோன்றிய இடத்தில் நின்றது. சற்று நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு வந்த வழியே மெதுவாகப் பின்னால் போய்க் காணாமல் போனது. 'நிறுவுதல் முழுமை பெறவில்லை. காரணம் அறியப்படவில்லை.'

"காரணம் எனக்குத் தெரியும்" என்றான் மான்ஹோ. "மேடம், இங்க பாருங்க. பயனர் பேர். சாங்ஜூன்னு கொரிய எழுத்துலயே வெச்சிருக்கார். வெளிநாட்டு புரோகிராம் பாதிக்கு, ஃபோல்டர் பேர் நம்ம எழுத்துல இருந்தா வயித்தைக் கலக்கிடும். நான் கேம் போடறப்ப பட்டிருக்கேன். நம்மாளுங்க என்ன பண்ணுவாங்க? புது கம்ப்யூட்டர் வந்ததும் பெட்டிகூடப் பிரிச்சு முடிக்காம, முதல்ல தன் பேரை அழகா அடிச்சுட்டுத்தான் உக்காருவாங்க. அப்புறம் வருஷம் பூரா அழுவாங்க."

"அப்ப இந்தக் கம்ப்யூட்டர்ல புதுப் பதிப்பு ஏறவே இல்லை."

"ஏறல. ஏறவும் ஏறாது."

"விபத்தான படம்?"

மான்ஹோ சர்வரில் தேடி அந்தப் படத்தைத் திறக்கப் போனான். 'இது பிந்தைய பதிப்பில் சேமிக்கப்பட்டது. திறக்க இயலாது' என்று பழைய பதிப்பு கைவிரித்தது. அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

"கொலைகாரன்னு பிடிச்சு வெச்சிருக்காங்க. கத்தி அந்த மனுஷன் கைக்கே எட்டல."

சுன்யங் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பல நாளாகச் செத்துக் கிடந்த முகத்தில் சட்டென்று உயிர் வந்தது. அதைப் பார்த்து மான்ஹோவுக்கு சந்தோஷமாக இருந்தது. பின்னால் அதற்காகவே தன்னை நொந்துகொள்ளப் போகிறான் என்று அப்போது தெரியாது.

"பெட்டி கட்ட வந்தவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல என்ன ஜோலி?"

நல்ல கோட்டு, நல்ல தலைவாரல், வருத்தத்தை அளவாகப் பூசிய முகம். அந்தப் பிரிவின் தலைவர் யோம். பக்கத்து மேஜைப் பெண் எழுந்து நின்று, "உதவி மேனேஜர்..." என்று தொடங்கிப் பேயறைந்தவள் போலாகி, "மேனேஜர் சார்" என்று திருத்திக்கொண்டாள். பதவி உயர்வு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பழைய பதவியைச் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

"குடும்ப ஃபோட்டோ ஏதாவது இருக்கான்னு பாத்தேன் சார்" என்றான் மான்ஹோ.

"புதுப் பதிப்பு இதுல இல்லைன்னு துள்ள வேண்டாம் தம்பி. ஜன்னல் பக்கம் பொதுக் கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, அதுல இருக்கு. சாங்ஜூ அங்கயும் உக்காந்திருக்கான். போலீஸ்கிட்ட சொல்லிட்டேன்."

"அந்தப் படத்தை நீங்க சரிபார்த்தீங்களா சார்?" என்று ஹேரான் மெல்லக் கேட்டாள். உறவுக்காரப் பெண்ணின் அப்பாவித்தனத்தோடு.

"நான் கண்ணால பாக்கவே இல்லைம்மா. எனக்குக் காட்டாமலே சைட்டுக்கு அனுப்பிட்டான். எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது, காகிதத்துல பாக்கற ஆளு நான். என் முத்திரை படத்துலயே இருக்கும், தானா அச்சாயிடும்." அவர் சுன்யங்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அவன் கையெழுத்து போட்டா குடும்பத்தை ஆபீஸ் பாத்துக்கும். எது வேணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க." மான்ஹோவின் கைப்பேசியில் தன் எண்ணைத் தானே அடித்துக் கொடுத்தார்.

*

அவர்கள் அலுவலகம் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேலே இருந்தது. வெயில் நேராக விழும் ஜன்னலில் ஹேரான் இரண்டு காகிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒட்டினாள். ஒன்று சாங்ஜூவின் மேஜையிலிருந்து வந்த பழைய அச்சு. இன்னொன்று சுன்யங்கின் வக்கீல் கொடுத்த நகல், கட்டுமான இடத்துக்குப் போன புதுப் படம்.

"கம்ப்யூட்டர் வேணாமா மேடம்?"

"சூரியன் போதும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு."

மான்ஹோ மூக்கு ஜன்னல் கண்ணாடியில் இடிக்கும்வரை குனிந்தான். கோடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நின்றன. பின்வாசலில் மட்டும் இரண்டு கறுப்புச் சதுரங்கள் பழையதில் இருந்தன, புதியதில் இல்லை. வேறு எதுவுமே மாறவில்லை. மாறியிருந்தது இன்னும் ஒன்றே ஒன்று. காகிதத்தின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் பெயர்கள் இருக்கும் கட்டத்தில், யோம் பெயருக்கு முன்னால் 'உதவி மேனேஜர்' என்று இருந்தது 'மேனேஜர்' ஆகியிருந்தது.

"அட நாசமாப் போற மனுஷா" என்றான் மான்ஹோ. "தன் பதவியைத் திருத்திக்கறதுக்காக ஃபைலைத் திறந்திருக்கார். ஆளு மாட்டினாரு மேடம்."

"அவருக்கு ஆன் பண்ணக்கூடத் தெரியாதுன்னார்."

"பொய்."

"அது பொய் இல்ல. அதைப் பெருமையாச் சொன்னார். பொய் சொல்றவங்க கொஞ்சம் அவசரப்படுவாங்க, இவர் அந்த இடத்துல நிதானமாத்தான் இருந்தார்." ஹேரான் உட்கார்ந்து வலிக்கும் முழங்காலைத் தேய்த்தாள். "பதவியை மாத்தினது வேற யாரோ. பொதுக் கம்ப்யூட்டர்ல, சாங்ஜூவோட ஐடியில. சாங்ஜூ ஐடி அங்க எதுக்குப் போச்சு? தன் கம்ப்யூட்டர்ல ஏறலைன்னு அவர் யார்கிட்ட புலம்பியிருப்பார்?"

"பொண்டாட்டிகிட்ட."

"அதுக்கு முன்னாடி."

மென்பொருளை விற்ற கம்பெனியின் உதவி எண்ணை மான்ஹோ அழுத்தினான். இந்த உரையாடல் பதிவு செய்யப்படும் என்று ஒரு குரல் சொன்னது. பிறகு பியானோ. நீங்கள் காத்திருக்கும் நேரத்துக்கு வருந்துகிறோம். மறுபடி பியானோ. "இந்தப் பாட்டைக் கேட்டே பாதிப் பேர் பழைய பதிப்போட சமாதானமாப் போயிருப்பாங்க" என்று மான்ஹோ முணுமுணுத்தான். கடைசியில் யுன்பி என்ற பெண் வந்தாள், தேன் குரலில்.

"புதுப் பதிப்பு கடைசியில வந்து நின்னு பின்னாடி போகுதுங்க."

"பயனர் பேர் கொரிய எழுத்துல இருக்கா சார்?"

"அடேயப்பா. ஜாதகம் பாக்கற மாதிரி சொல்றீங்களே."

"நாளெல்லாம் இதான் சார் வேலை. வேற எழுத்துல புதுசா ஒரு கணக்கு திறந்து—"

ஹேரான் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "யுன்பி, நான் துப்பறியும் அலுவலகத்துலேருந்து பேசறேன். போன மாசத்துக்கு முந்தி சாங்ஜூன்னு ஒரு கட்டடக் கலைஞர் இதே பிரச்சனைக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். இன்சொன்ல இடிஞ்ச நீச்சல்குளம் அவர் வரைஞ்சது."

எதிர்ப்பக்கம் தேன் வற்றிவிட்டது. "அது... அவரா? டிவியில பேர் சொல்லலையே."

"ஞாபகம் இருக்கா?"

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டதுக்கு நாலு தடவை மன்னிப்பு கேட்டார் மேடம். எங்களைத் திட்டறவங்களைத்தான் தெரியும், மன்னிப்பு கேட்டவரை எப்படி மறக்க முடியும்? ஐடியில கோளாறான்னு பாக்கணும், வேற கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல நுழைஞ்சு ஏதாவது ஒரு படத்தைத் திறந்து, சின்னதா ஒண்ணை மாத்தி, சேமிச்சுப் பாருங்கன்னேன். அவர் சிரிச்சார். எங்க உதவி மேனேஜர் இன்னிக்குத்தான் மேனேஜர் ஆனார், அதையே மாத்திடறேன், சந்தோஷப்படுவார்னார்."

மான்ஹோ ஜன்னலில் இருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம்?"

"திரையில ஏதோ பெட்டி வருதுங்களேன்னார். உள்ளூர் கம்பெனி செஞ்ச தூண் வரையற கூடுதல் புரோகிராம் ஒண்ணு இருக்கு மேடம், எல்லா ஆபீஸ்லயும் வெச்சிருப்பாங்க. புதுப் பதிப்போட அதையும் போடலைன்னா அதுல வரைஞ்சது திரையில தெரியாது, அச்சுலயும் வராது. அந்த எச்சரிக்கைதான். 'சில பொருள்களைக் காட்ட இயலவில்லை' அப்படின்னு அவர் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பின்னணியில் மற்ற ஆலோசகர்களின் குரல்கள் மட்டும் கேட்டன. எல்லாமே தேன் குரல்கள்.

"அது எப்பவும் வர்றதுதான் சார், 'சரி'யை அழுத்துங்கன்னேன்" என்றாள் யுன்பி. தொடர்பு அறுந்தது.

*

"இதை விட்டுடலாம் மேடம்" என்றான் மான்ஹோ. "அவர் கம்ப்யூட்டர்ல ஏறலைன்னு மட்டும் சொல்வோம். பொதுக் கம்ப்யூட்டர்ல யார் வேணா உக்காந்திருக்கலாம். அந்தம்மா காலையில எப்படிப் பாத்தாங்க தெரியுமா? நான் போய் எந்த மூஞ்சியோட சொல்றது?"

"பொய்யை வெச்சு வெளிய கொண்டுவந்தா, அந்தப் பொய் உடையற அன்னிக்கு ரெண்டு மடங்கா உள்ள போவார்." ஹேரானின் குரலிலும் உற்சாகம் இல்லை. "அவர் தூணை எடுக்கல. அந்த ரெண்டை மட்டும் அந்தக் கூடுதல் புரோகிராம்ல வரைஞ்சிருக்கணும், அதான் மறைஞ்சுபோச்சு. தூண் இல்லைன்னே அவருக்குத் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் காகிதமா அச்சாச்சு. காகிதத்தைப் பாக்கற ஆளு யாரு?"

"பாக்கவே இல்லைங்கறாரே."

"அந்த இடத்துல அவசரப்பட்டார்."

மான்ஹோ கைப்பேசியை எடுத்து யோமின் எண்ணை வெறித்தான். இந்த ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டால் என்ன என்று இருந்தது. செய்தி அனுப்பும் செயலியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு படம் தெரிந்தது. எல்லாரும் குழந்தையையோ மலை உச்சியையோ வைக்கும் இடம். யோம் வைத்திருந்தது ஏதோ காகிதத்தின் மூலையை. பெரிதாக்கினான்.

ஒரு காப்பிக் கோப்பை. அதன் பக்கத்தில் வரைபடத்தின் பெயர்க்கட்டம். 'மேனேஜர் யோம்.' கீழே அவரே எழுதிய வரி: புதிய பொறுப்பில் முதல் படம், நன்றியுடன். அவருடைய மாமனார் வீட்டாருக்கும் பள்ளித் தோழர்களுக்கும் ஊருக்கும் உலகத்துக்கும் காட்டுவதற்காக வைத்தது. வைத்த தேதி, கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய வாரம்.

"மேடம்" என்றான் மான்ஹோ. "பெயர்க்கட்டத்துக்கு மேல பாருங்க."

கோப்பையின் நிழல் விழுந்த இடத்தில் பின்வாசல் தெளிவாக இருந்தது. தூண்கள் இருக்க வேண்டிய இரண்டு இடங்களும் வெறும் வெள்ளை.

காகிதம் அவர் கையில் இருந்திருக்கிறது. மேஜையில் விரித்து, வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்துப் படம் பிடித்திருக்கிறார். முப்பது வருட அனுபவம் உள்ள கண், ஒரு சாண் தள்ளி இருந்த ஓட்டையைப் பார்க்கவில்லை. தன் பெயரை மட்டும் பார்த்துப் பூரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. இரண்டு உயிர் போன பிறகு, பார்க்கவே இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் கீழே இருந்தவன் தலையில் கட்டியது. மான்ஹோவுக்கு அந்த ஆளின் கோட்டைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"நகல் எடுத்துக்கோ. அவர் மாத்தறதுக்குள்ள" என்றாள் ஹேரான். அதைச் சுன்யங்கின் வக்கீலுக்கும் விசாரணை அதிகாரிக்கும் அனுப்பிவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

*

காவல் நிலையத்துச் சந்திப்பு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாங்ஜூ உட்கார்ந்திருந்தான். முன்னால் வாக்குமூலமும் பேனாவும். அலுவலக வக்கீல் வெளியே காத்திருந்தார். இந்தப் பக்கம் சுன்யங் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் கிடைத்த நம்பிக்கையை அவளால் மறைக்க முடியவில்லை. மான்ஹோ சுவரோரம் நின்றான்.

ஹேரான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. யோமின் படத்தைப் பற்றி முதலில் சொன்னாள். அவரை விசாரணைக்குக் கூப்பிட்டாகிவிட்டது என்றாள். பிறகு பச்சைக் கோடு, பொதுக் கம்ப்யூட்டர், உதவி எண்.

சாங்ஜூ எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பையனைப் போல் கவனமாகக் கேட்டான். "எச்சரிக்கை வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான்தான் அழுத்தினேனா?"

சுன்யங் ஹேரானின் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்பது போல இருந்தது அந்தப் பிடி.

"ஆமா" என்றாள் ஹேரான். "படிக்க ஆரம்பிச்சீங்க. அழுத்துங்கன்னு சொன்னாங்க. அழுத்தினீங்க."

அவன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. சுன்யங் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அவன் பார்க்கவில்லை. மான்ஹோ தரையைப் பார்த்தான். வாயைத் திறந்தால் தானும் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

கைகளை எடுத்தபோது சாங்ஜூவின் குரல் தெளிந்திருந்தது. வாக்குமூலத்தைத் தள்ளி வைத்தான். "இது பொய். இதுல நான் கையெழுத்து போட மாட்டேன். படிக்காம அழுத்தினேன், அதைச் சொல்றேன். அதுக்கு என்ன குடுத்தாலும் வாங்கிக்கறேன்."

"அது போதும்" என்றாள் ஹேரான். "ஆனா நீங்களா தூணை எடுக்கலைன்னு நிரூபிக்க யுன்பி வந்து சொல்லணும். உரையாடல் பதிவு இத்தனை நாள் இருக்குமோ இருக்காதோ."

"அந்தப் பொண்ணை இழுக்காதீங்க மேடம்."

"அவங்க இல்லைன்னா உங்க சொல்லு மட்டும்தான்."

"தெரியும்" என்றான் சாங்ஜூ. "ரெண்டு பேர் செத்ததுக்கு நானும் ஒரு காரணம்னு தெரிஞ்சுக்கிட்டு நாளைக்குக் காலையில எந்திரிக்கணும். அது எப்படி இருக்கும்னு இப்பத்தான் பாக்கறேன். இன்னொருத்தருக்கு வேண்டாம்."

புருஷன் வீட்டுக்கு வர ஒரே வழியை அவனே அடைக்கிறான். சுன்யங்குக்கு அவன்மேல் கோபம் வந்தது, கோபப்படவும் முடியவில்லை.

மான்ஹோவின் பையில் கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண். நடைவழிக்கு வந்து எடுத்தான். பேருந்துச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல். தேன் கொஞ்சமும் இல்லாததால் யாரென்று புரிய ஒரு நொடி ஆனது.

"நீங்க கூப்பிட்ட நம்பர் திரையில இருந்துச்சு. நான் வேலையிலேருந்து பாதியில கிளம்பிட்டேன்" என்றாள் யுன்பி. "அவர் பேச்சோட பதிவை அழிக்காம வெச்சிருக்காங்க, கிளம்பறதுக்கு முன்னாடி முழுசாக் கேட்டேன். நான் அவரைப் படிச்சு முடிக்கவே விடல. இன்சொன் வந்துட்டேன். எந்த ஸ்டேஷன்னு சொல்லுங்க."